எங்கம்மா ஒழுவாம பண்ண ஃபில்டர் சட்டி

இன்னிக்கி காலைல இருந்து ஃபில்டர் முன்னாடியே குந்திக்கினு இருந்தேன் மக்களே.

ஒரு சொட்டு எறங்கல!

ஃபில்டர்னா கரண்ட்ல ஓடறது இல்ல. தொண்டு நிறுவனத்துல இருந்து ஊருக்கு வந்த ஒரு அக்கா, வூட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்தாங்க. பக்கெட்டு மேல ஒரு மண்சட்டி, அவ்ளோதான். ஓடைத் தண்ணிய ஊத்துனா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியா சொட்டு சொட்டா கீழ எறங்கும். அழுக்கு, கிருமி எல்லாம் சட்டியிலயே நின்னுடும்.

அப்பா, அம்மா, தம்பி மூணு பேரும் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிட்டாங்க. பிளஸ் டூ முடிக்கணும்னு வெள்ளிமலைல நான் மட்டும்.

(எப்பவும் தம்பி செருப்ப ஒளிச்சி வெப்பேன். இப்போ என் செருப்ப நானே ஒளிச்சி நானே தேடறேன். ரெண்டு டீமும் தோக்குது.)

போன தடவ அவங்க போனப்ப சோம்பேறித்தனத்துல ஓடைத் தண்ணிய காச்சாம குடிச்சி, ஒரே வாந்தி. அம்மா வேலைய வுட்டுட்டு ஓடி வந்துச்சி. இன்னொரு வாட்டி படுத்தேன்னா படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், மூட்டைய கட்டிக்கினு எங்ககூட வந்துடுன்னு சொல்லிடுச்சி.

அதனால இந்தச் சட்டி சொட்டுனாதான் எனக்கு ஸ்கூல்.

அக்காவுக்கு போன் போட்டேன். சட்டிய இன்னா பண்ணீங்கன்னு கேட்டாங்க.

அப்பதான் ஞாபகம் வந்துச்சி. இந்தத் தடவ கெளம்பறதுக்கு மொத நாள் அம்மா அதுல சுடு கஞ்சிய ஊத்தி ஊற வெச்சி, சுத்தி எண்ணெ தடவுச்சி. புதுச் சட்டிய பழக்கலன்னா ஒழுவுமாம்!

அத அப்படியே அக்காகிட்ட சொன்னேன்.

"தம்பி, ஒழுவறதுதான் அதுக்கு வேலையே."

சுடுதண்ணில ஊறப்போட்டு பிரஷ்ஷால தேய்க்கச் சொன்னாங்க, சோப்பு கூடாதாம். கை கழண்டுடுச்சி. சாயந்தரமா ஒரு சொட்டு வுழுந்துச்சி. அப்புறம் இன்னொண்ணு.

அந்நேரம் பாத்து அம்மா போன்.

"சட்டி ஒழுவுதாடா?"

"நீ பழக்குனது ஒழுவுமாம்மா?"

அம்மாவுக்கு சிரிப்பு தாங்கல. தம்பிகிட்ட வேற பெருமையா சொல்லுச்சி. அப்புறம், "அது இன்னாடா டொக்கு டொக்குன்னு?"

"மழம்மா."

"நனையாத. கதவ சாத்திக்கினு உள்ளயே இரு."

வெளிய நல்ல வெயில்.

கதவ சாத்திட்டேன். உள்ள நானும் அந்தச் சட்டி சொட்டற சத்தமும்தான்.

உங்க வூட்ல இப்போ இன்னா சத்தம் கேக்குது? சும்மா சொல்லுங்களேன், படிக்கறேன்.