ஈயம் பிடிக்காத இரும்பு

போன வாரம் கம்போங் ராஜாவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்து லோரிப் பட்டறையில் ஒருவர் துருப்பிடித்த தகட்டின் மேல் எதையோ ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். புளிப்பும் இரும்பும் கலந்த வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். பஸ் வந்து, என்னை ஏற்றாமலே போய்விட்டது. கையைக் காட்டி நிறுத்தக்கூட எனக்குக் கூச்சம். வயது ஐம்பதைத் தாண்டியும் போகாத கூச்சம்.

அந்த வாடை ஜப்பான்காரன் காலத்தில் எனக்குப் பழக்கமானது. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள். தேயிலை வாங்க ஆளில்லை. கொழுந்து கிள்ளிய சரிவிலேயே மரவள்ளி நட்டோம். காலையிலும் அதுதான், ராத்திரியிலும் அதுதான். "இன்னும் கொஞ்ச நாள் போனா நம்ம வயித்துலயே மரவள்ளி மொளச்சிடும் லா" என்பார் என் மாமியார். அவருக்கு வாய் அதிகம். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

எங்கள் வீட்டுக்காரர் தேயிலை பேக்டரியில் பாய்லருக்கு விறகு தள்ளியவர். அதற்கு முன்பு தானா ராத்தாவில் ஒரு பாய் நடத்திய சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தபோது, பிரியாணி அண்டாக்களுக்கு ஈயம் பூசப் பழகியிருந்தார். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. லோரிச் சத்தம் கேட்டால் ஆண்கள் காட்டுக்குள் ஓடுவார்கள்.

ஒருநாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். முன்பெல்லாம் எங்களைத்தான் ஆபிசுக்குக் கூப்பிட்டனுப்புவார்.

"ஒன் பேரும் சயாமுக்கு வந்திருக்குப்பா. ஒரே வழிதான். சிப்பாய்ங்களுக்கு ஆக்கிப் போட, எண்ணெய்ப் பீப்பாயப் பொளந்து ஜப்பான்காரன் தொட்டி கேக்குறான். உள்ள ஈயம் பூசணும். மொதத் தொட்டிய ஆபிசர் வந்து பாப்பான். நல்லா இருந்தா நீ பேக்டரியிலயே இருந்துக்கலாம். இல்லன்னா அன்னைக்கே லோரி ஏறணும்."

"புளி வேணுமே, ஐயா" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"புளியா? நான் கண்ணால பாத்தே எத்தனையோ மாசமாச்சு."

ஈயம் பூசுவது பெரிய காரியமில்லை. பூசுவதற்கு முன்னால் இரும்பை ஆயத்தம் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் நெருப்பில் வாட்டி எண்ணெய்ப் பிசுக்கை எரிக்க வேண்டும். சாம்பல் கரைத்த தண்ணீரில் கழுவி, ஆற்று மணல் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம் புளிப்பில் ஊறவைத்தால் ஒட்டியிருக்கும் துரு விடும். புளிக்குப் பதிலாக மரவள்ளியைத் துருவிப் புளிக்கவைத்த தண்ணீரை ஊற்றினோம். அந்தக் கிழங்கு எங்கள் சாப்பாட்டுக்கு உரியது. நாங்கள் பட்டினி கிடந்தோம், இரும்பு சாப்பிட்டது. மலைக்குளிரில் அந்தத் தண்ணீருக்குள் கைவிட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல்நுனியெல்லாம் வெடித்துவிட்டது. ராத்திரி கையை முகத்தருகே கொண்டுபோனால் அந்த வாடைதான்.

கழுவி எடுத்தபின் இரும்பு மீன்வயிறு போல வெளுத்திருக்கும். அதற்குமேல் வெறுங்கை படக் கூடாது. கைப்பிசுக்கு பட்ட இடத்தில் ஈயம் ஒட்டாது. தாமதிக்கவும் கூடாது. எங்கள் மலையில் பனிமூட்டம் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகத் துரு பூத்துவிடும். இரண்டு தடவை அப்படிப் பூத்து, முதலிலிருந்து தேய்த்தோம். மூன்றாவது முறை, ஆபிசர் வரும் காலையில், நல்ல வெயில் அடித்தது. "சூரியனும் நம்ம கட்சிதான் புள்ள" என்று அவர் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நான் தொட்டியைப் பிடித்துத் தூக்கச் சாக்குத் துணி எடுக்க உள்ளே போனேன். அந்த நேரத்தில்தான் மாமியார் அதைச் செய்தார். புது மண்வெட்டியோ புதுச் சட்டியோ, விபூதி பூசிக் கும்பிடாமல் எங்கள் லயத்து வீடுகளில் எதையும் புழங்கமாட்டோம். வெளிப்பக்கம் கரியாக இருந்ததால், விளக்கில் மிஞ்சிய பனை எண்ணெயில் விபூதியைக் குழைத்துத் தொட்டிக்குள் மூன்று விரலால் பட்டை போட்டிருக்கிறார். மகனுக்காகக் கும்பிட்டுவிட்டு, ஆபிசர் கண்ணில் பட்டால் வம்பு என்று முந்தானையால் துடைத்தும்விட்டார். விபூதி போய்விட்டது. எண்ணெய் போகவில்லை.

தொட்டி காய்ந்ததும் எங்கள் வீட்டுக்காரர் ஈயம் ஒட்டுவதற்கான நவச்சாரத்தைத் தூவினார், புகை எழுந்தது. வெள்ளீயத்தை உருக்கித் துணியால் இழுத்தார். நிலா போலப் பரவிவந்த ஈயம் நடுவில் மூன்று கோட்டில் மட்டும் விலகி விலகி ஓடியது. மறுபடி இழுத்தார். மறுபடியும் விலகியது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைவசம் இருந்த நவச்சாரம் அவ்வளவுதான். லோரி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது.

ஆபிசர் குனிந்து பார்த்தான். கறுத்த கோடுகளைப் பூட்ஸ் நுனியால் தட்டினான். "பக்கேரோ!" என்று அவன் பாஷையில் திட்டி, எங்கள் வீட்டுக்காரர் கன்னத்தில் அறைந்தான்.

"ஐயா, சுரண்டிட்டுத் திரும்பப் பூசிடுறேன். சாயங்காலம் வரைக்கும் போதும், சொல்லுங்கய்யா" என்று அவர் கிராணியைக் கெஞ்சினார்.

மாமியார் ஆபிசரின் காலில் விழுந்தார். "நான்தாங்க தொட்டேன்! விபூதி வச்சது நானு! என்னைக் கொண்டுபோ சாமி, அவன விட்டுடு!"

ஆபிசர் கிராணியைப் பார்த்தான். கிராணி எங்கள் பக்கம் திரும்பினார். "விபூதிய நான் இவனுக்கு என்னன்னும்மா சொல்லுவேன்?" என்று எங்களையே கேட்டார்.

கடைசியில் அதை ஆபிசரிடம் சொல்லாமலே விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் கையைக்கூடக் கழுவாமல் லோரியில் ஏறினார். "ஆத்தாவத் திட்டாத புள்ள" என்றார். வேறு பேச நேரமில்லை.

நான் திட்டவில்லை. ஈயம் ஒழுங்காகப் பிடித்திருந்தாலும் அடுத்த லோரியில் கொண்டுபோயிருப்பார்கள் என்று மாமியாரிடம் எத்தனையோ முறை சொன்னேன். எனக்கே அது நிச்சயமில்லை. அத்தனை பேச்சுப் பேசிய மாமியார், சண்டை முடிந்து சிலர் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது மட்டும் வாய் திறந்தார். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், "எம் மவனப் பாத்தியாய்யா?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் ஏறிய லோரி அன்று இறங்கியபோது, லயத்துக்குக் கீழே பாறையைச் சுற்றிப் போகும் வளைவு வரை அவர் தெரிந்தார். வளைவு திரும்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பிறகு பாறை மறைத்துவிட்டது. கொழுந்துக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன். சாலையை அகலப்படுத்தும்போது அந்தப் பாறையை வெடிவைத்து எடுத்துவிட்டார்கள். இப்போது லயத்து வாசலிலிருந்து பார்த்தால் கீழே கடைசிவரை நேர்ச்சாலைதான். வண்டிகள் எதிலும் மறையாமல், சிறுத்துக்கொண்டே போகின்றன.