மச்சான் எடுத்த ஏலம்

லாரன்ஸ் ஒரு பயந்தாங்கொள்ளி. நான் சொல்லிக் கெடுக்கவில்லை, அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஒன்றிய அலுவலகம் ஒன்றில் ரோடு இன்ஸ்பெக்டர் உத்தியோகம். சாலையோரப் புளிய மரங்களுக்குத் தாரால் எண் போடுவதும், விழுந்த மரத்துக்கு மதிப்புப் போட்டு ஏலத்துக்கு அனுப்புவதும் அவர் வேலை. வருசா வருசம் அந்த ஏலத்தை எடுப்பவன் பாவாடை என்கிற கூலிக்காரன். கஞ்சிக்கே ததிங்கிணத்தோம் போடுகிற பாவாடைக்கு ஏலம் எடுக்க ஏது முதல் என்று ஒரு பயலும் கேட்டதில்லை. பாவாடை வெறும் பேருக்குத்தான். நிஜத்தில் எடுத்தவர் மரவாடி வைத்து மரம் விற்கும் மைக்கேல்ராஜ், லாரன்சின் மனைவி தெரசாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

லஞ்சமா? சேச்சே! மச்சான் கையால் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை என்று லாரன்ஸ் மார்தட்டுவார். ஆனால் ஏலம் முடிந்த கையோடு தங்கைக்கு வளையல் வந்துவிடும். மகள் எஸ்தருக்குக் காது குத்தியபோதும் மஞ்சள் நீர் ஊற்றியபோதும் தாய்மாமன் சீர் தட்டுத் தட்டாக வந்து இறங்கியது. வந்த சீரை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறவன் உண்டா? அண்ணன் தங்கைக்குச் செய்கிறான், ஏலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. கல்வராயன் மலைக்குப் போகும் ரோட்டிலும் மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் ஓடவில்லை. போலீஸ் வேன் சத்தம் கேட்டாலே ஆம்பளைகள் கரும்புக் கொல்லைக்குள் ஓடினார்கள். லாரன்ஸ் அந்த வாரம் வாசற்படி தாண்டவில்லை.

மறியல் ஓய்ந்ததும் புதிதாக வந்திருந்த ஆணையர் ஒரு விதி போட்டார். ஏலம் எடுக்கிறவருக்கு உறவான ஊழியர் யாரும் மரத்துக்கு மதிப்புப் போடக் கூடாது. உறவில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். லாரன்ஸ் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். ஏலம் பாவாடை பேரில்தானே, பாவாடை எனக்கு மாமனா மச்சானா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போட்டுவிட்டார்.

மறுநாள் மரங்களைப் பார்க்கப் போனார். கூட்டம் வெட்டியவை கோடாலியால் இடுப்பு உயரத்தில் கொத்திக் குதறப்பட்டு ரோட்டிலேயே கிடந்தன. மலையடிவாரத்தில் கண்டது வேறு. தரையோடு தரையாக ரம்பத்தால் அறுத்த அடிக்கட்டைகள், வரிசையாக. மரங்களைக் காணவே காணோம். மறியல் செய்கிறவன் மரத்தை ரோட்டில் போடுவானா, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவானா? அந்தப் பக்கம் அப்படி அறுக்கிற ஆள் மச்சானிடம் மட்டும்தான் உண்டு.

சாயங்காலம் மைக்கேல்ராஜே வீட்டுக்கு வந்தார். எல்லாமே கூட்டம் வெட்டியது என்று எழுதிவிடச் சொன்னார். ஏலம் முடிந்துவிட்டால் வாடியில் கிடப்பதெல்லாம் ஏலத்தில் எடுத்த மரமாகிவிடும், யாருக்கும் பாதகமில்லை என்றார். போகும்போது, "எஸ்தர் கல்யாணத்துக்கு இந்த மாமன்தான மாப்ள நிக்கணும்" என்று தோளைத் தட்டினார். தட்டிய இடம் வெகுநேரம் கனத்தது.

யாருக்கும் பாதகமில்லையாம்! மரம் வெட்டியதாகப் பிடிபட்டு உள்ளே இருந்தவன் சுபாஷ், கரும்பு வெட்டுகிற அம்சவள்ளியின் ஒரே மகன். லாரன்ஸ் எழுதிக் கொடுக்கிற மரமெல்லாம் அவன் தலையில்தான் விழும். உண்மையைச் சொன்னால் பொய்க் கையெழுத்துக்கு வேலை போகும், ஜெயில்கூட வரும். சொல்லாவிட்டால் என்றைக்கோ எவனோ அந்த அடிக்கட்டைகளைப் பார்ப்பான். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. தெருவில் ஜீப் போனால் ஜன்னலைச் சாத்தினார்.

அம்சவள்ளி ஆபீஸ் வாசலிலேயே அவரை மடக்கிவிட்டாள். கண்ணைக் கசக்கியிருந்தால் ஏதோ சமாதானம் சொல்லி நழுவியிருப்பார். அவள் அழவில்லை.

"எம்புள்ள வெட்னான் சார், இல்லன்னு சொல்லல. அவன் வெட்னத மட்டும் அவன் தலைல எழுதுங்க."

பயந்தவனுக்கு ஒரு குணம் உண்டு, எந்தப் பயம் பெரியதோ அதற்குத்தான் அடங்குவான். அவள் முகத்தை இனி தினமும் கனவில் பார்க்க வேண்டுமே என்கிற பயம் மற்றதையெல்லாம் முழுங்கிவிட்டது. நேரே உள்ளே போய் ஆணையர் முன்னால் நின்று, அடிக்கட்டையில் தொடங்கி வளையல் வரைக்கும் கொட்டிவிட்டார். உறவில்லை என்று ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று ஆணையர் கேட்டார்.

"பயந்துகினு போட்டங்க."

"இப்ப?"

"இப்பவும் பயமாத்தாங்க இருக்கு."

அன்றைக்கே சஸ்பெண்ட். போலீசுக்கும் எழுதிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து லாரன்ஸ் தெரசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அழுவாளா, அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாளா என்று அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் வாசலில் மைக்கேல்ராஜின் புல்லட் வந்து நின்றது. லாரன்ஸ் ஜன்னலைச் சாத்தப் போனார். தெரசாதான் வெளியே போய் வாசலை அடைத்து நின்றாள்.

"உம்புருசன் என்னெ உள்ள தள்றான். நீ பாத்துகினு நிக்கிறியா?" என்றார் மைக்கேல்ராஜ்.

"அவருந்தாண்ணா உள்ள போறாரு" என்றாள் தெரசா.