மாநில அரசின் மின்விசிறி

என் சித்தப்பாவுக்கு வீட்டில் 'அப்புறம்' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். பல்வலி வந்தால்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார், கன்னம் வீங்கிய பிறகு எங்கள் உயிரை வாங்குவார். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

நகராட்சியில் வீட்டுவரி எழுத்தர். வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்துக்கு மாநில அரசு அலுவலகத்துக்கும் வரிக்கு நகராட்சிக்கும் நாயாய் அலைந்ததால், இரண்டு தரப்பும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஒரே அறை, ஒரே மேசை, இரண்டு நாற்காலி. அறையும் மின்கட்டணமும் நகராட்சியின் பொறுப்பு. கணினியும் மின்விசிறியும் மாநில அரசுடையவை. வருடா வருடம் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டும்.

மாநில அரசின் நாற்காலிக்கு வந்தவர் பத்திரப் பிரிவு மேடம். கணவரை இழந்தவர், வாய் நிறையக் கிண்டல். மின்விசிறி அவர் தலைக்கு மேலே மாட்டப்பட்டிருந்தது. சித்தப்பா காற்றுக்காக என்று சொல்லிக்கொண்டு சுவரோரம் இருந்த தன் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்த்தினார். மூன்றாவது வருடம் இருவரின் சாப்பாட்டு டப்பாக்களும் மேசையின் மாநில அரசுப் பக்கத்தில்தான் இருந்தன. வீட்டுக்கு வந்தால் மேடம் இப்படிச் சொன்னார், மேடம் அப்படிச் சொன்னார் என்று ஒரே மேடம் புராணம். கேட்டுவிடுங்களேன் என்று என் அம்மா நச்சரித்தார். இந்த வருட நீட்டிப்பு வரட்டும் அண்ணி, அவசரப்பட்டுக் கேட்டு இருக்கிற பேச்சும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றார்.

அந்த வருடம் நீட்டிப்பு வரவில்லை. மின்கட்டணத்தில் பாதியைக் கொடு என்றது நகராட்சி, ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்றது மாநில அரசு. இரண்டும் முறுக்கிக்கொண்டன. மின்விசிறியைக் கழற்ற ஆள் வந்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் சித்தப்பாதான். நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மேடம் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாராம்.

"சார், நகராட்சி தரப்புல ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?"

"எப்படியும் நீட்டிச்சிருவாங்க மேடம். நீங்க இங்கதானே வரப்போறீங்க. அப்புறம் பேசிக்கலாம்."

மேடம் படியிறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகாவது ஒரு போன் போட்டிருக்கலாம். அலுவலக விஷயம் எதுவும் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று எங்களையே திருப்பிக் கேட்டார். இப்படி ஒரு மனிதரை என்ன செய்வது?

இரண்டு வருடம் கழித்து இரு தரப்பும் சமாதானமாகி ஒப்பந்தம் மறுபடி உயிர் பெற்றது. மின்விசிறி பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. சித்தப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு சீக்கிரமே கிளம்பினார். எதிர் நாற்காலியில் ஒரு மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். மேடத்தைப் பற்றி விசாரித்தபோது, அவர் போன வருடம் மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னார். சித்தப்பா தன் நாற்காலியைப் பழையபடி சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் வரி கட்டப் போனேன். சட்டை முதுகோடு ஒட்ட, வியர்த்து வழிய எழுதிக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

"ஏன் சார் வேர்வையில குளிக்கிறீங்க? இப்படி நகர்ந்து உட்காருங்க, காத்து வருது," என்றார் மீசைக்காரர்.

"வேண்டாம் சார்," என்றார் சித்தப்பா, தலை நிமிராமல். "அது உங்க ஆபீஸ் ஃபேன்."