வரதன் சார் நின்ற படம்

அலமாரியைத் துடைக்கும்போது சித்தப்பாவின் சின்னக் கேமரா அகப்பட்டது. கண்ணை வைத்தால் எதிர்வீட்டு ஜன்னல் கம்பி இன்றைக்கும் இரண்டாகத் தெரிகிறது, வளையத்தைத் திருகினால் மெல்ல நகர்ந்து ஒன்றாகிறது, ஒன்றானதும், இப்போது கார்கள் நிற்கிற இடத்தில் தொண்ணூறுகளில் இருந்த எங்கள் டவுன் வளவு, எதிரெதிராகப் பத்து வீடும் நடுவே ஒரே குழாயுமாகத் திரும்பி வந்துவிடுகிறது.

இரண்டு பிம்பமும் ஒன்றானால்தான் படம் தெளிவாக விழும், அவையோ பக்கவாட்டில்தான் நகரும். சேர்ந்ததா என்று பார்க்க நட்டமாக நிற்கிற ஒரு கோடு வேண்டும். எங்கள் நெற்றிகளிலோ திருநீறு. "எல்லாக் கோடும் படுத்துல்லா கெடக்கு, எத எதோட சேக்க?" என்று புலம்பும் சித்தப்பா, எதிர்வீட்டு ஆழ்வார்திருநகரி வரதன் சாரை நாமத்தோடு கூட்டிவந்து நிறுத்துவார்.

அம்பாசமுத்திரத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப அத்தையைப் படமெடுத்த அன்றும் அப்படித்தான். ஃபிலிமில் மிச்சம் ஒரே படம். கல்யாணமாகாத பெண்ணை ஒட்டி நிற்கக் கூசி, சார் இரண்டடி முன்னால் நின்றார்.

"நான் போயிரட்டா வே?"

"அசையாதீரும், இப்பதான் நாமம் சேந்திருக்கு!"

கழுவி வந்ததில் அத்தை வெறும் பனிமூட்டம். சாரின் மீசையை மயிர் மயிராக எண்ணலாம். "என் கல்யாணத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே அண்ணே" என்று அத்தை அழ அழ, வேறு படமில்லாமல் அதையே அனுப்பினார்கள்.

மாப்பிள்ளை, பின்னால் எனக்கு மாமாவானவர், நேரிலேயே பார்த்துவிடலாமென்று தாயோடு வந்தார். வளவுக்குள் நுழைந்ததுமே அந்த அம்மாள், குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த சாரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"போட்டோல பாத்த மாதிரியே இருக்கீயளே அண்ணாச்சி! பொண்ணு எங்க?"