மருதாசலம் வாசித்துக் காட்டிய மனு

கோர்ட்டுக்கு எதிரே, பனியன் மூட்டை வண்டிகள் ஓயாமல் ஹாரன் அடிக்கும் தெருவில், மருதாசலம் இருபது வருஷமாகத் தமிழ் டைப்ரைட்டர் தட்டினார். கை வேகம், வாய் அதைவிட வேகம். எந்த மனுவானாலும், கையெழுத்துப் போடுகிறவருக்கு முழுசாக வாசித்துக் காட்டி, "சரிங்களா?" என்று கேட்காமல் தாளை நீட்ட மாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

1993-ல் புது மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இனி மனுவில் 'பைத்தியம்' என்று அடிக்கக் கூடாது, 'மனநோயுற்றவர்' என்றுதான் வர வேண்டும் என்று வக்கீல் வெள்ளியங்கிரி சொல்லிவிட்டுப் போனார்.

"பேரை மாத்திப்போட்டா நோவு போயிருமாக்கும்?" என்று மருதாசலம் சிரித்தார்.

அந்த ஆடியில் வேலாத்தாள் வந்தாள். பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் மனம் கலங்கிக் கிடந்தபோது, அவள் பேரிலிருந்த வீட்டைக் கோர்ட் அண்ணன் ராசப்பன் பொறுப்பில் விட்டிருந்தது. இப்போது குணமாகி நாலு வருஷமாக வேலைக்குப் போகிறாள். அண்ணனோ வீட்டுக்குள் விடுவதில்லை. அந்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லி மனு.

அண்ணன் அன்று போட்ட பழைய மனுவின் நகலை அவள் கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்தே மருதாசலம் மளமளவென்று அடித்தார். வழக்கம்போல் வாசிக்க ஆரம்பித்தார்.

"பைத்தியமான மேற்படி வேலாத்தாள்..."

சட்டென்று நிறுத்தினார். எதிரே அவளே உட்கார்ந்திருந்தாள். அந்தச் சொல்லை உரிய ஆளின் முகத்துக்கு நேராக அவர் இதுவரை வாசித்ததில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதே அம்மிணி. கைப்பழக்கம்."

"எனக்கு இது புதுசில்லீங்க. அன்னைக்கு எங்கண்ணனுக்கு வாசிச்சீங்களே, அப்பவும் நான் இதே பெஞ்சுலதானுங்க உக்காந்திருந்தேன். என்னைய ஊட்டுல தனியா உட்டுட்டு வரமுடியாதுன்னு கூட்டிட்டு வந்திருந்தாரு. அந்தச் சொல்லு அதுல பதினோரு தடவை வந்துச்சுங்க."

மருதாசலத்துக்கு ராசப்பனின் முகம் ஞாபகம் வந்தது. "சரிங்களா?" என்று அவனைக் கேட்டதும் ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருந்தவள் முகம் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கார்பனோடு தாளைக் கிழித்துப் போட்டார். நகலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புதிதாக அடித்தார்.

"மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமடைந்த மனுதாரர் வேலாத்தாள்..." கடைசி வரி வரைக்கும் நிதானமாக, அவள் முகத்தைப் பார்த்தே வாசித்தார்.

"சரிங்களா?"



"இன்னொருக்கா வாசிங்க" என்றாள்.

முதலிலிருந்து வாசித்தார்.