அம்மாவின் பத்துக் கிலோ

ஒஸ்லோவின் புறநகரில் நான் குடியிருக்கும் மாடித்தொடரில் ஞாயிறு காலைகளில் எல்லாரும் நடக்கப் போவார்கள். வந்த புதிதில், வாசலில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டுப் பெண்மணி ஆஸ்திரிட்டிடம், "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டேன். "எங்குமில்லை," என்றார். எதையோ மறைக்கிறார் என்று நினைத்து, அடுத்த ஞாயிறும் கேட்டேன். "அது உனக்கு ஏன் தெரியவேண்டும்?" என்றார். யாழ்ப்பாணத்துத் தீவொன்றிலுள்ள என் ஊர் புளியங்கூடலில் அது கேள்வியே அல்ல, வணக்கம். "எங்கை போறியள்?" என்று கேட்காமல் ஒருவரைக் கடந்துபோனால், என்ன கோபம் என்று விசாரிக்க வீட்டுக்கு ஆள் வரும். பதிலாக ஓர் இடத்தைச் சொல்லவேண்டும்: கடை, கோயில், ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி. இடமில்லாத நடை எங்கள் தீவில் புத்தி பேதலித்தவர்களுக்கு மட்டுமே உரியது.

இரண்டு ஆண்டுகளில் நானும் எங்குமில்லாத இடத்துக்கு நடக்கப் பழகிக்கொண்டேன். பல்கலைக்கழகத்துக்கு ஒரு தரிப்பு முன்னதாகவே பேருந்தை விட்டு இறங்கினேன். நான்காம் மாடிக்குப் படியேறினேன். தேநீரில் சீனி போடுவதை விட்டேன். சோற்றைக் கோப்பையால் அளந்தேன். இவற்றில் எதுவும் வீரமல்ல. ஆனால் பதினான்கு கிலோ குறைந்தது. குறையக் குறைய எனக்குள் வேறொன்று கூடியது: குறைக்காதவர்கள் மீது ஓர் இளக்காரம். அதை அன்று ஒழுக்கம் என்று அழைத்தேன்.

அந்த இளக்காரத்தின் மூலம் நோர்வேயில் இல்லை. எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது பக்கத்து ஊரான வேலணையில் ஒரு கல்யாணப் பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். பரிமாறியவர் என் இலைக்குக் குனிந்தபோது அம்மா உரத்துச் சொன்னார்: "உவளுக்கு வடை போடாதேங்கோ. பிறகு கட்டச் சேலை காணாது." பந்தி சிரித்தது. அம்மாவும் சிரித்தார். நான் இலையைப் பார்த்தபடி இருந்தேன்.

சென்ற ஆண்டு அம்மாவின் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. கிணற்றடிக்குப் போவதற்கே சுவரைப் பிடிக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் பார்த்த வைத்தியர், பத்துக் கிலோ குறைத்துக்கொண்டு வந்தால்தான் சத்திரசிகிச்சை என்றார். குறைக்காவிட்டால் அம்மா கட்டிலோடுதான். ஒஸ்லோவிலிருந்து கைபேசியிலேயே நான் பொறுப்பேற்றேன். ஒரு கோப்பைச் சோறு, சீனியில்லாத தேத்தண்ணி, காலையிலும் மாலையிலும் கால்மணி நேர மெதுநடை. மூன்று வேளையும் தட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பவேண்டும்.

"நடக்கிறதெண்டா எங்கை நடக்கிறது பிள்ளை?"

"எங்கையும் இல்லை அம்மா. சும்மா நடவுங்கோ."

"சும்மா நடந்தா சனம் என்ன சொல்லும்?"

ஆகவே அம்மா கையில் வெறும் பையொன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவரைப்போல நடந்தார். ஆயினும் நடக்க முடியவில்லை. கால் இயலாத மனுசி வெயிலில் போவதைக் கண்டால் எங்கள் ஊரில் வாகனம் நிற்கும். ஏறாவிட்டால் அது நிறுத்தியவருக்கு அவமானம். "நாலு எட்டு வைக்க முன்னம் ஏத்திப்போடுறாங்கள். ஏலாதெண்டு எப்பிடிச் சொல்லுறது? கடையடியிலை இறக்கிவிட்டா, ஒரு தீப்பெட்டியாவது வாங்கத்தானே வேணும்," என்றார் அம்மா. எங்கள் குசினி அடுப்படியில் பதினொரு தீப்பெட்டிகள் சேர்ந்தன. எடை இறங்கவில்லை. நான் சிரித்திருக்கலாம். அந்த வாரம் முழுவதும் அம்மாவோடு கதைக்காமல் இருந்தேன்.

அப்பாவின் திவசம் வந்தது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து எனக்குப் பந்தியைக் காட்டினார். காலையிலிருந்து விரதமிருந்த அம்மா கதிரையில், மேசைமேல் விரித்த இலைக்கு முன்னால் இருந்தார். சின்னம்மா வடையோடு வந்தார்.

"சின்னம்மா, அவவுக்கு வடை போடாதேங்கோ," என்றேன். கைபேசியில் ஒலிபெருக்கி போட்டிருந்தது எனக்குத் தெரியும். "பிறகு கதிரை காணாது."

பந்தி சிரித்தது. "இலக்கியம் படிக்கப் போனவள் அம்மாவுக்கெல்லோ கணக்குப் படிப்பிக்கிறாள்!" என்றார் மாமா. அம்மா சிரிக்கவில்லை. வேலணையை அவரும் மறந்திருக்கவில்லை என்பதை அந்த முகத்தில் கண்டேன். "எனக்குக் காணும்," என்று, பாயாசத்தைத் தொடாமலே இலையை மடித்தார். பத்து ஆண்டுகள் காத்திருந்த ஒரு வாக்கியத்தைப் பிழையின்றிச் சொல்லி முடித்த நிறைவு எனக்கு இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அதன்பின் படங்கள் தவறாமல் வந்தன. முதலில் ஒரு கோப்பைச் சோறு. பிறகு அரைக் கோப்பை. பிறகு இரண்டு அவித்த மரவள்ளித் துண்டுகள். நான் ஒவ்வொன்றுக்கும் 'நல்லது' என்று பதில் எழுதினேன். நான்கு மாதத்தில் பன்னிரண்டு கிலோ. அயலில் கதை தொடங்கிவிட்டதாகச் சின்னம்மா சொன்னார்: "அக்காவுக்கு என்ன வருத்தம், என்ன நோயெண்டு கேக்கினம். சட்டையெல்லாம் தொங்குது. நீ ஒருக்கா வந்து பாரன்." பொறாமையில் பேசுகிறார்கள் என்றேன்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய பரிசோதனைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். வைத்தியர் தாள்களைப் பார்த்தார். அம்மாவின் கண்மடலை இழுத்துப் பார்த்தார்.

"அம்மா, சாப்பிடுறேல்லையோ?"

"சாப்பிடுறனான் ஐயா," என்ற அம்மா, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

இரத்தம் காணாது, தசையும் வற்றிவிட்டது, இந்த உடம்பில் கத்தி வைக்க ஏலாது என்றார் வைத்தியர். முதலில் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தேறட்டும். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். யாழ்ப்பாணத்தைத் தீவோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தால் பேருந்து திரும்பியபோது, இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல் அசையாமல் கிடந்தது. அம்மா கம்பியைப் பிடித்தபடி, "உன்ரை லீவுதான் வீணாப் போச்சு," என்றார்.

மறுநாள் மதியம் நானே சமைத்தேன். மீன்குழம்பு, முருங்கையிலை வறை, சோறு. அம்மாவுக்கு முன்னால் தட்டை வைத்து நிறையப் போட்டேன். அவர் விரலால் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி, ஒரு கோப்பை அளவுக்கு ஒரு குவியல் செய்தார். மிகுதியைத் தட்டின் விளிம்புக்குத் தள்ளினார்.

"எல்லாத்தையும் சாப்பிடுங்கோ அம்மா."

"ஓம்."

வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. கெஞ்சினேன். பிறகு, என்னையறியாமல், அதட்டினேன். அம்மா தட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "கோவிக்காதை பிள்ளை. நீ பாத்துக்கொண்டு நிண்டா எனக்கு இறங்குதில்லை. நீ அங்காலை போ."

பின்கதவால் வெளியே வந்தேன். பிறகு உள்ளே குழம்புச் சட்டியில் கரண்டி உரசியது. தட்டு நகர்ந்தது. அம்மா சாப்பிடுகிறார் என்று நினைத்து, ஓர் அடி திரும்பி வைத்தேன். செருப்பின் கீழ்ச் சருகு நொறுங்கியது. உள்ளே சத்தம் நின்றுவிட்டது. நான் பிறந்த வீட்டின் சுவரோடு முதுகை ஒட்டி, மூச்சையும் அடக்கிக்கொண்டு, அங்கே யாருமே இல்லை என்று அம்மா நம்பும்வரை நின்றேன்.