தாவீது ஒட்டிய சிவப்பு லேபிள்

லேபிள் வெட்டும்போது தாவீது பேசமாட்டார். சிவப்புத் தாளை நாலாக மடித்து, மடிப்பில் நகத்தை ஓட்டி, கத்தரியை ஒரே இழுப்பில் செலுத்துவார். பிறகு மைதாப் பசை, கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. எங்கள் மருந்தகத்தில் பூசுகிற மருந்துக்கெல்லாம் சிவப்பு லேபிள்தான். அச்சடிக்கப் பணமில்லை, 'மேலுக்கு மட்டும். குடிக்கக் கூடாது' என்று அவரே எழுதுவார். அச்சு மாதிரியே இருக்கும்.

கும்மிடிப்பூண்டியில் அப்போது நான் நர்ஸ், அவர் கம்பவுண்டருக்கு உதவியாள். ஒழுங்கான மனிதர். அவர் கழுவிய பாட்டிலை இன்னொருவர் கழுவ வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. மதராஸ் கொத்தவால்சாவடிச் சந்தையில் கறுப்புத் திராட்சை வாங்கி ரயிலில் கொண்டுவந்து, சர்க்கரை, பட்டை, கிராம்பு சேர்த்து ஜாடியில் ஊறவைத்து வைன் போடுவார். சர்ச் இருந்த கோயில் தெருவில் வீட்டுக்கு ஒரு பாட்டில். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஆகவே மருந்தகம் கழித்துக்கட்டிய பழுப்பு பாட்டில்களில் ஊற்றி, அதே சிவப்பு லேபிளை ஒட்டிக் கொடுத்தார்.

ஒரு வருஷம் போலீஸ்காரர் ஒருவர் அந்தத் தெருவில் சோதனை போட்டார். வீட்டுக்கு வீடு சிவப்பு லேபிள்.

"இன்னாய்யா இது, தெருவுக்கே முட்டி வலியா?"

"பனிக்காலம் சார். எல்லாருக்கும் புடிச்சிக்கினு கீது," என்றார் தாவீது.

போலீஸ்காரர் மூடியைத் திறக்காமலே போனார். அதற்குப் பிறகு தெருவில் அந்த லேபிளுக்கு யாரும் பயப்படவில்லை. "தைலம் தடவினியா?" என்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள்.

தாவீதின் மனைவியின் தம்பி மோசஸ். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன், நல்ல உடம்பு. அடுத்த வருஷம் டிசம்பரில் அவன் மனைவி ரெபெக்காள் முழங்கால் வலி என்று வந்தாள். டர்பன்டைன் தைலம் கொடுத்தோம். லேபிள் எழுதி ஒட்டியது தாவீதுதான். அவள் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். பண்டிகைக்கு வந்த வைனையும் அங்கேயே ஒளித்தாள்.

கிறிஸ்துமஸ் மத்தியானம் மோசஸ் அங்கே கைவிட்டு, கிடைத்ததை எடுத்தான். ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. யாராவது பார்த்துவிடப்போகிறார்கள் என்று கதவுக்குப் பின்னால் நின்று பாட்டிலை வாயில் கவிழ்த்துக் கொள்வது அந்தத் தெருவின் வழக்கம். அவனும் அப்படித்தான் குடித்தான். தொண்டை எரிந்திருக்கிறது. மாமா கிராம்பை அள்ளிப் போட்டுவிட்டார் என்று நினைத்து இன்னொரு வாய் குடித்திருக்கிறான்.

ஆள் வந்து கூப்பிட்டு நான் ஓடிப்போனபோது அக்கம்பக்கத்தார் உப்புத் தண்ணீர் கொடுத்து அவனை வாந்தி எடுக்க வைத்துவிட்டார்கள். டர்பன்டைனுக்கு அதைச் செய்யவே கூடாது. வெளியே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இறங்கியும்விட்டது. உதடு நீலம் பாரித்து, இருமலுக்கு நடுவே மூச்சுக்குத் தவித்தான்.

தகவல் கேட்டு வந்த தாவீது பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"டேய் மச்சான், குடிக்காதேன்னு எழுதிக்கீறேனே, படிக்கலையா நீ?"

ரெபெக்காள் திரும்பினாள். "எந்த பாட்டில்ல நீ அப்டி எழுதல, அண்ணா? எல்லாத்துலயுந்தானே எழுதிக்கீறே! அவரு எத்த நம்புவாரு?"

நான் மோசஸை நிமிர்த்தி உட்காரவைத்து, மில் லாரியைப் பிடித்து ரெபெக்காளுடன் மதராஸ் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உயிர் தப்பியது. மூட்டை தூக்கும் மூச்சு அதோடு போயிற்று. அப்புறம் மில் வாசலில் உட்கார்ந்து சாக்கு தைத்தான். தாவீது சாகும்வரை மாதாமாதம் அந்த வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்ப் போட்டார். மோசஸ் வாங்கிக்கொண்டான். ரெபெக்காள் அவரோடு பேசவேயில்லை. அவள் செய்தது தவறென்று எனக்குத் தோன்றவில்லை.

லாரி போன மறுநாள் காலை தாவீது வேலைக்கு வரவில்லை. தேடிப் போனேன். கோயில் தெருவில் ஒரு வாளி வெந்நீரும் கந்தல் துணியுமாக வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தார். சிவப்பு லேபிள் ஒட்டியது எல்லாவற்றையும் வெளியே கொண்டுவரச் சொன்னார். எது மருந்து, எது வைன் என்று பார்த்துச் சொல்ல அவராலேயே முடியவில்லை. ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து முகர்ந்தார். மருந்தைத் தனியாக வைத்தார். வைன் பாட்டிலை வெந்நீரில் நனைத்து லேபிளைச் சுரண்டினார். அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, 'வைன். போட்டவன் தாவீது' என்று பென்சிலால் எழுதினார்.

"போலீஸ் பாத்தா உன்னையில்ல இட்டுக்கினு போவான்?" என்றாள் ஒருத்தி.

"போவட்டும். உள்ளே இன்னொண்ணு கீதா, பாரு."

அவள் உள்ளே போய்த் தேடினாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.